கிராஸ்டூல்-என்ஜி 1.26: சொந்த டூல்செயின் யாருக்குத் தேவை?

எம்பெடட் லினக்ஸ் வேலையில் இறங்கும் எவரும் தொடக்கத்திலேயே ஒரு கேள்விக்கு விடை தேடியாக வேண்டும். மேசையில் இருப்பது எக்ஸ்86 மடிக்கணினி. நிரல் ஓட வேண்டியதோ ஆர்ம் சில்லு பொருத்திய ஒரு சிறிய போர்டு. இடையில் வேண்டிய கிராஸ் கம்பைலரை, அதாவது ஒரு வகைக் கணினியில் ஓடி வேறு வகைச் சில்லுக்கான நிரலை ஆக்கித் தரும் கம்பைலரை, எங்கிருந்து பெறுவது? உபுண்டுவிலோ டெபியனிலோ ஆப்ட் கட்டளையில் கிடைப்பதை நிறுவிக்கொள்ளலாம். யாரேனும் கட்டி வைத்திருக்கும் ஆயத்த டூல்செயினை (கம்பைலர், லிங்கர், சி லைப்ரரி முதலியவை அடங்கிய தொகுப்பு) இறக்கிக்கொள்ளலாம். அல்லது கிராஸ்டூல்-என்ஜியைக் கொண்டு நாமே கட்டிக்கொள்ளலாம். இந்த மூன்றாவது வழியைப் பற்றியதே இம்மதிப்புரை. நான் பயன்படுத்தியது 2023இல் வெளியான 1.26.0 பதிப்பு, அதில் கட்டிய டூல்செயின்களை ராஸ்பெரி பை ஜீரோவிலும் பீகிள்போன் பிளாக்கிலும் ஓட்டிப் பார்த்தேன். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பரவலாகக் கிடைக்கும் போர்டில் கற்றுக்கொள்பவருக்கு இது தேவைக்கு மேற்பட்ட கருவி, ஒரு பொருளைச் சந்தையில் விட்டுப் பல ஆண்டுகள் பராமரிக்கப் போகிறவருக்கு, இதன் எல்லாக் குறைகளையும் பொறுத்துக்கொண்டு வாங்கத்தக்க கருவி. வாங்குவது என்றது பேச்சுக்கு. இது ஜிபிஎல் உரிமத்தில் வரும் கட்டற்ற மென்பொருள்.

தேவை எங்கே முளைக்கிறது என்பதைப் பை ஜீரோவை வைத்தே காட்டலாம். அதன் பிசிஎம்2835 சில்லில் இருப்பது ஆர்ம்1176 கோர். ஆர்ம்வி6 கட்டமைப்பைச் சேர்ந்தது, மிதவைப்புள்ளிக் கணக்குக்கு விஎஃப்பி இரண்டாம் பதிப்பு வன்பொருள் கொண்டது. ராஸ்பெரி பையின் 32-பிட் இயங்குதளத்தையும் டெபியனின் 32-பிட் ஆர்ம் பதிப்பையும் ஆர்ம்எச்எஃப் என்ற ஒரே பெயரில்தான் அழைக்கிறார்கள். ஆனால் டெபியன் அந்தப் பெயரில் ஆர்ம்வி7 சில்லுகளுக்குக் கட்டுகிறது. ராஸ்பெரி பை ஆர்ம்வி6க்குக் கட்டுகிறது. ஆகவே உபுண்டுவில் ஆப்ட் வழியாக நிறுவிய ஆர்ம்எச்எஃப் கம்பைலரால் ஐந்து வரி சி நிரல் ஒன்றைத் தொகுத்துப் பை ஜீரோவில் ஓட்டினால், ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்ற ஒற்றை வரியோடு அது நின்றுவிடுகிறது. எந்தச் சில்லுக்குத் தொகுப்பது என்று கம்பைலருக்குச் சொல்லும் எம்சிபியூ தேர்வில் சில்லின் பெயரைக் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். தீராது. நாம் எழுதிய ஐந்து வரிகள் ஆர்ம்வி6 கட்டளைகளாக மாறுவது உண்மை. ஆனால் மெயினுக்கு முன்னால் ஓடும் சிஆர்டி1 என்ற தொடக்கக் கோப்பும், கம்பைலர் தேவைப்படும்போது லிப்ஜிசிசியிலிருந்து (ஜிசிசி கம்பைலரின் துணை லைப்ரரி) இழுத்துக்கொள்ளும் துணை ஃபங்ஷன்களும் ஏற்கெனவே ஆர்ம்வி7க்குத் தொகுக்கப்பட்டு அந்தப் பேக்கேஜுக்குள்ளேயே வந்தவை. நாம் கொடுக்கும் எந்தத் தேர்வும் அவற்றைத் தொடுவதில்லை. இறுதியாகக் கிடைத்த கோப்பை, நிரல் கோப்பின் உள் விவரங்களைக் காட்டும் ரீட்எல்ஃப் கருவியில் ஏ தேர்வோடு திறந்து பார்த்தால், சிபியூ கட்டமைப்பு என்ற இடத்தில் வி7 என்றே எழுதியிருக்கும். கம்பைலர், லிப்ஜிசிசி, சி லைப்ரரி ஆகிய மூன்றும் ஒரே முடிவின்படி கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது இங்கேதான் புரிகிறது. அப்படிக் கட்டித் தருவதுதான் கிராஸ்டூல்-என்ஜியின் வேலை.

இதற்கு முன்னோடியாக டான் கெகல் எழுதிய கிராஸ்டூல் என்ற ஸ்கிரிப்ட் தொகுப்பு இருந்தது. அதை அடியிலிருந்து மாற்றியெழுதி, லினக்ஸ் கர்னலிலிருந்து கேகான்ஃபிக் மெனு முறையை எடுத்துப் பொருத்தி, இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் யான் மொரின்; பின்னர் பொறுப்பு வேறு பராமரிப்பாளர்களிடம் சென்றது. இதை நேரடியாகத் தொட்டிராதவர்களும் இதன் விளைபொருளைப் பயன்படுத்தியிருக்க வாய்ப்பு அதிகம்: செஃபிர் என்ற சிறு இயங்குதளத்தின் எஸ்டிகேயில் (மேம்பாட்டுத் தொகுப்பு) வரும் கம்பைலர்களும், சில்லு நிறுவனமான எஸ்பிரெசிஃப் தன் எக்ஸ்டென்சா சில்லுகளுக்குத் தரும் கம்பைலரும் இதைக் கொண்டே கட்டப்பட்டவை. முன்பு ஃப்ரீ எலக்ட்ரான்ஸ் என்ற பெயரில் இயங்கிய பிரான்ஸ் நாட்டு பூட்லின் நிறுவனம், தன் எம்பெடட் லினக்ஸ் பயிற்சியின் தொடக்கப் பாடத்திலேயே மாணவர்களை இதில் டூல்செயின் கட்ட வைக்கிறது.

நிறுவுவது கடினமன்று, சலிப்பானது. மூலநிரலை இறக்கி, கான்ஃபிகர் செய்து, மேக் கொடுக்க வேண்டும். கிட்டிலிருந்து நேரடியாக எடுத்தால் முதலில் பூட்ஸ்ட்ராப் ஸ்கிரிப்டையும் ஓட்ட வேண்டும். பைசன், ஃப்ளெக்ஸ், ஜிபெர்ஃப், டெக்ஸ்இன்ஃபோ, ஹெல்ப்2மேன், காக், லிப்டூல், என்கர்சஸ் என்று முன்தேவைகளின் வரிசை நீளமானது; கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் முதல் குறையைக் கண்டதும் நின்றுவிடுவதால், ஒன்றை நிறுவியதும் அடுத்ததைக் கேட்கும். டெபியன், உபுண்டு, ஃபெடோரா முதலியவற்றுக்கான நிறுவல் கட்டளைகள் திட்டத்தின் மூலநிரலில் இருக்கும் டாக்கர் கோப்புகளிலேயே முழுமையாக உள்ளன. ஆவணப் பக்கத்தைத் தேடுவதைவிட அவற்றைப் பார்த்து எழுதிக்கொள்வது விரைவானது. ரூட் பயனராக ஓட்டினால் கருவி மறுத்துவிடும். எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறி அமைக்கப்பட்டிருந்தாலும் மறுக்கும். சற்றுக் கோபமாகவே மறுக்கும். மேக்ஓஎஸ்ஸில் கட்ட விரும்புவோர், எழுத்தின் பெரிய வடிவத்தையும் சிறிய வடிவத்தையும் வேறுபடுத்தும் கோப்பு முறைமை ஒன்றைத் தனியாக உருவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கண்டிப்புகள் முதலில் எரிச்சலூட்டினாலும், ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் கட்டுமானம் விளங்காத காரணத்தால் நடுவில் உடைந்த பிறகு சேர்க்கப்பட்டது என்பது வசை வாசகங்களைப் படித்தாலே தெரியும்.

வேலை மாதிரிகளிலிருந்து தொடங்குகிறது. லிஸ்ட்-சாம்பிள்ஸ் கட்டளை, ஆர்ம், ஆர்ச்64, மிப்ஸ், பவர்பிசி, ரிஸ்க்-ஃபைவ், எக்ஸ்டென்சா என்று ஆயத்த அமைப்புகளின் நீண்ட வரிசையைக் காட்டுகிறது. பை 3, பை 4 போர்டுகளின் பெயரிலேயே மாதிரிகள் உள்ளன. நம் போர்டுக்கு மிக நெருங்கிய ஒன்றைத் தேர்ந்து, அமைப்பைத் திருத்தும் மெனுவான மெனுகான்ஃபிக்கைத் திறந்து, வேறுபடும் இடங்களை மட்டும் திருத்துவதே நடைமுறை. மாதிரிகளை அப்படியே நம்பக் கூடாது என்பதற்குப் பீகிள்போன் பிளாக் நல்ல எடுத்துக்காட்டு. அதன் ஏஎம்335எக்ஸ் சில்லில் இருப்பது கார்டெக்ஸ்-ஏ8. விஎஃப்பி3, நியான் ஆகிய கணக்கு அலகுகள் இரண்டும் வன்பொருளில் உண்டு. ஆனால் ஏ8க்கான மாதிரியின் பெயர் ஜிஎன்யூஈஏபிஐ என்று முடிகிறது. ஈற்றில் எச்எஃப் இல்லை. அதாவது மிதவைப்புள்ளி எண்களை அதற்கான வன்பொருள் ரெஜிஸ்டர்களிலேயே ஃபங்ஷன்களுக்குக் கடத்தும் ஹார்ட் ஃப்ளோட் அழைப்பு முறையில் அது கட்டப்படவில்லை. டார்கெட் பகுதிக்குள் சென்று மிதவைப்புள்ளியை வன்பொருளுக்கு மாற்றி, எஃப்பியூ என்ற இடத்தில் விஎஃப்பி3 அல்லது நியான் என்று எழுதினால்தான் போர்டில் ஏற்கெனவே இருக்கும் டெபியன் லைப்ரரிகளோடு பொருந்தும் நிரல் கிடைக்கும்.

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இத்துறைக்குப் புதியவர்களை இதைவிட அதிகம் குழப்பும் பிழைச்செய்தி வேறில்லை. ஹார்ட் ஃப்ளோட் அல்லாத சாஃப்ட் ஃப்ளோட் முறையில் தொகுத்த நிரலை ஆர்ம்எச்எஃப் போர்டில் வைத்து ஓட்டினால், ஷெல் ‘அப்படி ஒரு கோப்போ டைரக்டரியோ இல்லை’ என்கிறது. எல்எஸ் கொடுத்தால் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது; இயக்கும் அனுமதியும் இருக்கிறது. இல்லாதது நம் கோப்பு அன்று, நம் கோப்பு தேடும் டைனமிக் லோடர். ஓடும்போது லைப்ரரிகளை ஏற்றிக்கொள்ளும் ஒவ்வொரு டைனமிக் நிரலும் தன்னை ஏற்றிவிட வேண்டிய லோடரின் முழுப் பாதையைத் தன்னுள் எழுதி வைத்திருக்கிறது. சாஃப்ட் ஃப்ளோட் நிரல் லிப் டைரக்டரியில் எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.3 என்ற கோப்பைத் தேடுகிறது; ஹார்ட் ஃப்ளோட் போர்டில் இருப்பதோ எல்டி-லினக்ஸ்-ஆர்ம்எச்எஃப்.எஸ்ஓ.3. கர்னல் தான் காணாத லோடரைப் பற்றித்தான் புகார் சொல்கிறது. ஷெல் அதை நம் நிரலின் பெயரோடு சேர்த்து அச்சிட்டுவிடுகிறது. ரீட்எல்ஃப்பில் எல் தேர்வு கொடுத்தால், ‘ரிக்வெஸ்டிங் புரோகிராம் இன்டர்பிரட்டர்’ என்ற வரியில் இந்தப் பாதை தெரிந்துவிடும். டூல்செயின் கட்டி முடித்ததும் வேறெதையும் செய்வதற்கு முன் ஒரு சிறு நிரலைத் தொகுத்து இந்த வரியைப் பார்த்துவிடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

பை ஜீரோவுக்கு அமைக்கும்போது கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஆர்ம்வி6இல், அளவு சுருங்கிய தம்ப் கட்டளைத் தொகுதியின் பிந்தைய வடிவமான தம்ப்-2 கட்டளைகள் கிடையா. பழைய தம்ப்பும் ஹார்ட் ஃப்ளோட் அழைப்பு முறையும் சேர்ந்து போவதை ஜிசிசி ஏற்காது. ஆகவே இயல்பான கட்டளைத் தொகுதி ஆர்ம் என்றே இருக்க வேண்டும். மெனுவில் எந்தப் பெயரின் மேல் நின்று கேள்விக்குறியை அழுத்தினாலும் விளக்கம் வருகிறது. சில விளக்கங்கள் நூலில் இடம்பெறத் தக்கவை, வேறு சில தேர்வின் பெயரையே திருப்பிச் சொல்லி முடிந்துவிடுகின்றன. சாய்கோட்டை அழுத்தினால் தேடலாம் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

எனினும் இந்தக் கருவியின் மதிப்பு முழுமையாக வெளிப்படுவது சில்லுத் தேர்வில் இல்லை; கர்னல் ஹெடர் (கர்னலோடு பேசும் வழிகளை நிரல்களுக்கு அறிவிக்கும் கோப்புகள்), ஜிலிப்சி (லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரி) ஆகிய இரண்டின் பதிப்பைத் தேர்வதில்தான் இருக்கிறது. மேசைக் கணினியில் நிரல் எழுதுபவர் இவற்றைப் பற்றி வாழ்நாள் முழுவதும் சிந்திக்காமலே இருந்துவிடலாம். போர்டில் அப்படி முடியாது. டெபியன் 11 ஓடும் பீகிள்போனில் இருப்பது ஜிலிப்சி 2.31, உபுண்டு 22.04இன் கிராஸ் கம்பைலர் தன்னோடு கொண்டுவருவது 2.35. ஜிலிப்சி பின்னோக்கிய பொருத்தத்தைக் காப்பாற்றுகிறது. பழையதில் தொகுத்தது புதியதில் ஓடும். எதிர்த்திசையில் உத்தரவாதம் இல்லை. அதிலும் 2021இல் வந்த 2.34 பதிப்பு இதைக் கூர்மையாக்கிவிட்டது: த்ரெட் லைப்ரரியை முதன்மை லைப்ரரிக்குள் இணைத்த அந்தப் பதிப்பு, ஒவ்வொரு நிரலையும் தொடங்கிவைக்கும் உள் ஃபங்ஷனுக்கும் புதிய பதிப்பு முத்திரை கொடுத்தது. அதனால் 2.34இலோ அதற்குப் பின்னரோ டைனமிக்காகத் தொகுத்த நிரல், வணக்கம் என்று மட்டும் அச்சிடுவதாக இருந்தாலும், 2.31 இருக்கும் போர்டில் ‘ஜிலிப்சி_2.34 காணப்படவில்லை’ என்று நின்றுவிடும். கிராஸ்டூல்-என்ஜியில் புதிய ஜிசிசியையும் பழைய ஜிலிப்சியையும் இணைத்துக் கேட்கலாம். ஜிசிசி 13இன் எச்சரிக்கைகளும் நவீன சி++ வசதிகளும் கையில் இருக்க, விளைந்த நிரல் 2.31 போர்டில் தடையின்றி ஓடுகிறது. சி++ எழுதுவோர் மட்டும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: புதிய ஜிசிசியின் லிப்எஸ்டிடிசி++ லைப்ரரியையும் போர்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும், அல்லது நிரலுக்குள் ஸ்டாட்டிக்காக இணைக்க வேண்டும், போர்டில் இருக்கும் பழைய லைப்ரரி இதே வகைப் புகாரைத்தான் எழுப்பும்.

கர்னல் ஹெடரின் பதிப்பு, போர்டில் ஓடும் கர்னலின் பதிப்புக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும். மெனு தன் போக்கில் புதியதையே எடுத்துக்கொள்ளும். இதோடு இணைந்த ஒரு கண்ணி, ஜிலிப்சி பகுதியில் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது: ஜிலிப்சி ஆதரிக்க வேண்டிய குறைந்தபட்சக் கர்னல் எது என்ற கேள்விக்கு, ‘ஹெடரின் பதிப்பே’ என்பது இயல்பான விடை. போர்டில் 5.10 கர்னல் இருக்க, ஹெடரை 6 வரிசையில் விட்டுவிட்டு ஜிலிப்சி 2.31ஐக் கட்டி, அதையே ரூட் கோப்பு முறைமையில் வைத்தால், ‘கர்னல் மிகப் பழையது’ என்ற வாசகத்தோடு, முதலில் ஓட வேண்டிய இனிட் நிரல் உட்பட எதுவும் எழும்பாது. பாதுகாப்பான இயல்பு விடை ஒன்று இருக்கும்போது, கருவி இதைத் தேர்ந்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. ஹெடரைத் திருத்தினால் இதுவும் சேர்ந்து சரியாகிவிடும் என்பதே ஆறுதல்.

ஜிலிப்சி வேண்டாமென்றால் மசல், யூசிலிப்சி-என்ஜி என்ற சிறிய சி லைப்ரரிகள் இரண்டும் உண்டு. ஒற்றைக் கோப்பாக, எந்த லைப்ரரியையும் சாராமல், எந்த ஆர்ம் லினக்ஸிலும் போட்டால் ஓடும் சிறு கருவிகளை ஆக்குவதற்கு மசலுக்கே என் வாக்கு. த்ரெட்டுக்கு அது ஒதுக்கும் இயல்பான அடுக்கு நினைவகம் 128 கேபி மட்டுமே என்பதால், ஜிலிப்சியின் தாராளத்துக்குப் பழகிய நிரல்கள் சில நேரம் காரணம் சொல்லாமல் விழும். அதை அறிந்து ஒதுக்கீட்டை உயர்த்த வேண்டும். 32-பிட் போர்டுகளில், 2038ஆம் ஆண்டில் 32-பிட் நேர எண் நிரம்பி வழியும் சிக்கலை எண்ணிப் பார்ப்பவர்களுக்கும் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. மசல் 1.2.0 முதல் நேர மாறி 64 பிட்டாகிவிட்டது. ஜிலிப்சியில் 2.34 முதல்தான் அந்த வசதி வருகிறது, அதுவும் தொகுக்கும்போது டைம்_பிட்ஸ், ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ் இரண்டையும் 64 என்று நாமே அறிவித்தால். போர்டின் பழைய 2.31க்காக டூல்செயினைக் கட்டுகிறவர் இந்த வசதியைக் கைவிடுகிறார் என்பதை அறிந்தே செய்ய வேண்டும். பதினைந்தாண்டு ஆயுள் எதிர்பார்க்கும் மின்மானிக்கோ தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிக்கோ இது சிறிய விஷயம் இல்லை.

இனிக் கட்டுமானம். பில்ட் என்ற கட்டளையைக் கொடுத்தால், மூலநிரல்கள் எல்லாம் இறங்கி, ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி, ஐஎஸ்எல் ஆகிய கணித லைப்ரரிகள் முதலில் கட்டப்படுகின்றன, பிறகு அசெம்ப்ளரும் லிங்கரும் அடங்கிய பின்யூட்டில்ஸ். அடுத்து வருவது ஒரு முட்டுக்கட்டை: முழுமையான கம்பைலர் கட்டச் சி லைப்ரரி வேண்டும், சி லைப்ரரியைத் தொகுக்கக் கம்பைலர் வேண்டும். கருவி இதைத் தன் வரிசையால் அவிழ்க்கிறது. சி மொழி மட்டும் அறிந்த, எந்த லைப்ரரியையும் சாராத கம்பைலர் ஒன்றைக் கட்டி, அதனால் சி லைப்ரரியைத் தொகுத்து, அந்த லைப்ரரியின் துணையோடு சி++ உட்பட எல்லாம் அறிந்த இறுதிக் கம்பைலரை மீண்டும் கட்டுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் இதைக் கையால் செய்தவர்கள் எந்தப் பேட்ச் எந்தப் பதிப்புக்கு என்று காகிதத்தில் குறித்து வைத்திருந்த வேலை இது. இப்போது திரையில் ஒவ்வொரு கட்டத்தின் பெயரும் ஓடும் நேரமும் மட்டும் தெரிகின்றன. பல கோர்கள் கொண்ட மடிக்கணினியில் இது அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை இழுக்கும்; வட்டில் பல ஜிபி இடம் பிடிக்கும். நினைவகம் குறைந்த கணினியில் எல்லாக் கோர்களையும் ஒன்றாக ஏவினால், ஜிசிசியின் பெரிய சி++ கோப்புகளைத் தொகுக்கும் கட்டத்தில் கம்பைலர் கொல்லப்பட்டுக் கட்டுமானம் முறியலாம். இணைவேலைகளின் எண்ணிக்கையைக் கட்டளையிலேயே குறைத்துக்கொள்ளலாம்.

தோல்வி அடையும் விதத்தில்தான் இந்தக் கருவி மதிப்பெண் இழக்கிறது. திரையில் எந்தக் கட்டம் தோற்றது என்று ஒரு வரியும், பில்ட்.லாக் கோப்பைப் பார்க்கச் சொல்லி ஒரு வரியும் வருகின்றன. அந்தக் கோப்போ லட்சக்கணக்கான வரிகள் கொண்டது, இறுதியில் இருப்பது விளைவு மட்டுமே, காரணம் எங்கோ மேலே புதைந்திருக்கிறது. கீழிருந்து மேலாக ‘எரர்’ என்ற சொல்லைத் தேடிக்கொண்டே செல்வதைத் தவிர வேறு வழியில்லை. தோற்ற கட்டத்திலிருந்தே மீண்டும் தொடங்கும் வசதி உண்டு, ஆனால் இடைநிலைகளைச் சேமிக்கும் தேர்வை மெனுவில் முன்கூட்டியே இயக்கியிருந்தால் மட்டும். அது இயல்பாக அணைந்திருக்கிறது. எதையும் மாற்றுவதற்கு முன் அதை இயக்கிவிடுவது நல்லது.

தோல்விகளில் பெரும்பகுதி கருவியின் பிழையால் வருவதும் இல்லை. இணையத்தின் நிலையாமையால் வருகிறது. 1.24.0 பதிப்பு ஐஎஸ்எல் லைப்ரரியைப் பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனம் நடத்திய ஜிஃபோர்ஜ் தளத்திலிருந்து இறக்கியது. அந்தத் தளம் 2021இல் மூடப்பட்டது. அதுவரை சீராகக் கட்டிய அமைப்புகள் அதன்பின் இறக்கும் கட்டத்திலேயே நின்றன. இசட்லிப் என்ற சுருக்க லைப்ரரியின் தளமும் புதிய பதிப்பு வந்ததும் பழையதை முன்பக்கத்திலிருந்து வேறு டைரக்டரிக்கு நகர்த்திவிடும் பழக்கம் உள்ளது. அதனாலும் இதே வகை முறிவு நேர்ந்தது. மருந்து கருவியிலேயே இருக்கிறது: இறக்கிய மூலநிரல் பொதிகளை ஒரு டைரக்டரியில் சேமிக்கவும், இணையத்தைத் தொடவே கூடாது என்று தடுக்கவும் தேர்வுகள் உண்டு. நிறுவனப் பயன்பாட்டுக்குக் கட்டுகிறவர் அந்தப் பொதிகளை டூல்செயினோடு சேர்த்தே காப்பகத்தில் வைக்க வேண்டும். ஐந்தாண்டு கழித்துப் பாதுகாப்புத் திருத்தம் ஒன்றுக்காக மறுபடி கட்டும்போது, தளங்கள் அதே இடத்தில் இருக்கும் என்று எவரும் உறுதி தர முடியாது.

விளைபொருள் பற்றி எனக்கு ஏறக்குறைய முழு நிறைவே. ஹோம் டைரக்டரியில் எக்ஸ்-டூல்ஸ் என்ற பெயரின் கீழ் கம்பைலர், லிங்கர், போர்டுக்கான ஹெடர்களும் லைப்ரரிகளும் அடங்கிய சிஸ்ரூட், கேட்டிருந்தால் பிழைதேடும் கருவியான ஜிடிபியும் போர்டில் ஓடும் ஜிடிபிசர்வரும் என எல்லாம் ஒரே கிளைக்குள் அமைகின்றன. டைரக்டரியை வேறிடத்துக்கு நகர்த்தினாலும் வேலை செய்கிறது. பின் டைரக்டரியில் ‘சிடி-என்ஜி.கான்ஃபிக்’ என்று முடியும் ஒரு கோப்பு கிடக்கும்; அதை ஓட்டினால் அந்த டூல்செயின் எந்த அமைப்பால் கட்டப்பட்டதோ அதை அப்படியே அச்சிடுகிறது. நிரலின் காமென்ட் பகுதியை ரீட்எல்ஃப்பில் பார்த்தாலும் கிராஸ்டூல்-என்ஜி 1.26.0 என்ற முத்திரை ஜிசிசி பதிப்போடு நிற்கும். யாரோ விட்டுச் சென்ற ஒரு பைனரியைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எதில் தொகுத்தார்கள் என்று விழிக்க நேர்ந்தவர்களுக்கு இந்த இரண்டு வசதிகளின் அருமை தெரியும்.

நிறுவிய டைரக்டரி படிக்க மட்டும் என்று பூட்டப்பட்டிருப்பது பலருக்கு வியப்பளிக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற லைப்ரரியைச் சிஸ்ரூட்டுக்குள் நிறுவ முயன்றால் அனுமதி மறுக்கப்படும். பூட்டை நீக்கும் தேர்வு உண்டு. ஆனால் ஆவணம் பரிந்துரைக்கும் வழியே மேலானது என்பேன்: சிஸ்ரூட்டை வேறிடத்துக்கு நகலெடுத்து, நிறுவல்களை அங்கே செய்து, சிஸ்ரூட் தேர்வால் கம்பைலருக்கு அந்த இடத்தைக் காட்ட வேண்டும். ஒரே டூல்செயினை இரண்டு திட்டங்கள் பகிர்ந்துகொள்ளும்போது ஒன்றின் லைப்ரரி மற்றொன்றுக்குள் கசியாது. பைத்தான் ஆதரவோடு கட்டிய ஜிடிபி மட்டும் மடிக்கணினியின் பைத்தான் பதிப்போடு பிணைந்துவிடும். டெபியன் 11இல் 3.9ஐ நம்பிக் கட்டியது, கணினியை டெபியன் 12க்கு உயர்த்தி 3.11 வந்ததும் ஓட மறுக்கும். அதேபோல் புதிய உபுண்டுவில் கட்டிய கம்பைலர், பழைய உபுண்டு வைத்திருக்கும் சக ஊழியரின் கணினியில் ஓடாமல் போகலாம். கம்பைலரையே ஸ்டாட்டிக்காகக் கட்டும் தேர்வு இதற்கென்றே உள்ளது. இல்லையேல் குழுவில் இருப்பவற்றுள் மிகப் பழைய பதிப்பைக் கன்டெய்னரில் ஏற்றி அதில் கட்டலாம்.

லைப்ரரிகளையும் ரூட் கோப்பு முறைமையையும் ஆக்குவது இதன் வேலையன்று. அவை வேண்டுவோர் பில்ட்ரூட்டுக்கோ யாக்டோவுக்கோ செல்வார்கள். இரண்டும் தமக்கான டூல்செயினைத் தாமே கட்டிக்கொள்ளும், அப்போது கிராஸ்டூல்-என்ஜிக்கு இடமில்லை. ஆயினும் பில்ட்ரூட்டில் ஒவ்வொரு முறை சுத்தம் செய்யும்போதும் டூல்செயினும் அழிந்து மறுபடி கட்டப்படுவதால், இங்கே ஒரு முறை கட்டியதை வெளி டூல்செயினாக அங்கே கொடுப்பவர்கள் உண்டு. அந்த இணைப்பு நன்றாகவே வேலை செய்கிறது.

ஆயத்த டூல்செயின்களோடு ஒப்பிட்டால், ஆர்ம் நிறுவனம் வெளியிடுவது ஆர்ம்வி7இலிருந்து மேலே உள்ள சில்லுகளுக்கு நம்பகமானது. பை ஜீரோவுக்கு உதவாது. ஆர்ம் மென்பொருள் அமைப்பான லினாரோவின் பழைய வெளியீடுகள் இன்னும் பல பயிற்சிக் குறிப்புகளில் சுட்டப்படுகின்றன, ஆனால் அவ்வரிசை 7.5-2019.12 உடன் நின்றுவிட்டது. புதிய திட்டத்தை அதில் தொடங்கக் காரணமே இல்லை. கடும் போட்டி பூட்லின் தளத்திலிருந்துதான் வருகிறது. பில்ட்ரூட்டால் கட்டி, ஜிலிப்சி, மசல், யூசிலிப்சி மூன்றிலும், ஆர்ம்வி6 ஹார்ட் ஃப்ளோட் உட்படப் பல கட்டமைப்புகளுக்கும் இலவசமாக வைத்திருக்கிறார்கள். பை ஜீரோவில் மசல் நிரல் ஓட்டுவது மட்டுமே நோக்கம் என்றால் அங்கிருந்து இறக்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடலாம்; கிராஸ்டூல்-என்ஜி பக்கமே வரத் தேவையில்லை. அங்கே தேர்ந்தெடுக்க முடியாதது, இந்த ஜிசிசியோடு இந்த ஜிலிப்சி, இந்தக் கர்னல் ஹெடர் என்ற சேர்க்கை. அந்தச் சேர்க்கை உங்கள் போர்டுக்கு முக்கியமா என்பதை போர்டில் எல்டிடி கட்டளையைப் பதிப்புத் தேர்வோடு கொடுத்து ஜிலிப்சியையும், யூநேம் கொடுத்துக் கர்னலையும் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். ஆயத்த டூல்செயினின் எண்கள் அவற்றுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முக்கியம் என்று தெரிந்து இதில் இறங்குவோர், கட்டி முடித்ததும் சேவ்டெஃப்கான்ஃபிக் கொடுத்து, இயல்பிலிருந்து மாறிய வரிகள் மட்டும் அடங்கிய சிறு கோப்பைத் திட்டத்தின் கிட் களஞ்சியத்தில் போட்டுவிட வேண்டும். முழு கான்ஃபிக் கோப்பு நூற்றுக்கணக்கான வரிகள் கொண்டது, அதில் இரண்டு பதிப்புகளின் வேறுபாட்டைக் கண்ணால் பிடிக்க முடியாது. சிறு கோப்பிலோ ஜிலிப்சி 2.31 என்ற வரி தனியாக நிற்கும், அதை யார் எப்போது மாற்றினார்கள் என்பதைக் கிட் சொல்லிவிடும். கிராஸ்டூல்-என்ஜியின் பதிப்பு எண்ணையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்: ஒரு பதிப்பில் எழுதிய அமைப்பை அடுத்த பதிப்பில் திறக்கும்போது சில தேர்வுகளின் பெயர்கள் மாறியிருக்கும், அவற்றை மேம்படுத்தித் தரும் அப்கிரேட்கான்ஃபிக் கட்டளை உண்டு என்றாலும், மாறிய பிறகு மெனுவைத் திறந்து பதிப்பு எண்களை ஒரு முறை சரிபார்க்காமல் பில்ட் கொடுக்க வேண்டாம்.